இருமுறை சுட்டால் ஏன் மொறுமொறுப்பு?

இத்தாலியின் பிராட்டோ நகரத்துக் காந்தூச்சி பிஸ்கட் இரண்டு முறை ஓவனுக்குள் போகிறது. மைதா, சர்க்கரை, முட்டை, தோலுரிக்காத பாதாம். வாசனைக்குச் சோம்பும் சேர்க்கலாம். மரபான செய்முறையில் வெண்ணெய் இல்லை. பிஸ்கட் அவ்வளவு கெட்டியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் சூட்டில், சுமார் 175 டிகிரி செல்சியஸில், மாவு நீள உருளையாகவே வேகிறது. முட்டைப் புரதம் இறுகி உருவம் பிடிக்கும். மேலே காய்ந்தாலும் நடுவில் ஈரம் தங்கிவிடும். 10 நிமிடம் ஆறவிட்டு, பல் வைத்த கத்தியால் 1.5 செ.மீ. கனத்தில் சாய்வாக அறுக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க அறுத்தால் துண்டு பொலபொலவென்று உதிரும்.

அறுத்த முகங்கள் திறந்திருப்பதால், 150 டிகிரியில் இரண்டாம் சூடு ஈரத்தை விரைவாக வெளியேற்றுகிறது. நீர் இருக்கும்வரை மாவுச்சத்தும் சர்க்கரையும் நெகிழ்ந்து வளையும். அது சில சதவீதத்துக்கு இறங்கியதும் அவற்றின் மூலக்கூறுகள் இடம் நகர முடியாமல் கண்ணாடி நிலைக்கு வருகின்றன. கடித்தால் படக்கென்று முறிவது இதனால்தான். முழுக்க ஆறும் முன் டப்பாவில் அடைத்தால் ஆவி உள்ளேயே தங்கி நமத்துவிடும். அப்படி நமத்ததை மீண்டும் மிதமாகச் சூடாக்கினால் மொறுமொறுப்பு திரும்பும்.