உயர்த்திப் பொறியும் மீளழைப்பும்

உயரத்திற் சென்று தொழில் புரிவோனுக்குப் பாதுகாப்பு இரண்டு. ஒன்று அவனுடைய அறிவும் பழக்கமும். மற்றொன்று அவனைத் தாங்கும் பொருளின் உறுதி. பனையேறுந் தொழிலாளி தன் தளைநாரைத் தானே தேர்ந்து, மரத்தில் ஏறுமுன் தன் கையாலே இழுத்துப் பார்த்துக் கொள்கின்றான். நார் நைந்திருப்பின் அதனை அறிபவனும் அவனே, மாற்றுபவனும் அவனே. இக்காலத்து மின்கம்பிகளைச் செப்பனிடும் பணியாளனோ, லொறியின்மேற் பொருத்திய நீண்ட கையின் நுனியிலுள்ள கூடையில் நின்று வேலை செய்கின்றான். அக்கையைச் செய்தவர் வேறு நாட்டினர். அதன் உள்ளுறுப்புக்களைப் பணியாளன் ஒருநாளும் கண்டிலன். பொருளின் குற்றத்தை அறியத்தக்கவர் ஒருவர், அதனால் உயிருக்கு அஞ்ச வேண்டியவர் மற்றொருவர் என்னும் நிலை இவ்வாறு தோன்றியது. இவ்விருவருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடத்தற்கு அமைந்த முறையே மீளழைப்பு எனப்படுவது.

மீளழைப்பு என்பது பழுதுபார்த்தலின் வேறானது. நெடுநாட் பாவனையால் ஓர் உறுப்புத் தேயுமாயின் அதனை மாற்றுதல் உடைமையாளர் கடன். பொறியை வகுத்த முறையிலோ, செய்த முறையிலோ குற்றம் இருக்குமாயின், அக்குற்றம் அவ்வகைப் பொறிகள் பலவற்றிலும் மறைந்திருக்கும். ஒன்று முறிந்த செய்தி கிடைத்தவுடன், முறியாது நிற்கும் ஏனையவற்றையும் நிறுத்திச் சோதித்தல் வேண்டும். அது செய்தவர் கடன்.

இக்கடன் எத்துணைப் பாரமானது என்பதைப் பொறியின் அமைப்பே உணர்த்தும். இதனை உயர்த்தும் ஆற்றல் எண்ணெயின் அமுக்கமாகும். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் ஏற்படும் அமுக்கம் எல்லாத் திசையிலும் குறையாது பரவும் எனப் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பஸ்கால் விளக்கிய விதியே இதற்கு அடிப்படை. எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் கை சரிந்து விழாதவாறு உருளையின் வாயிலில் ஒரு வால்வு எண்ணெயைத் தடுத்து நிறுத்தும். லொறி கவிழாதபடி நான்கு ஊன்றுகால்கள் நிலத்திற் பதியும். மின்கம்பி வேலைக்குரிய பொறிகளிற் கையின் ஒரு பகுதி கண்ணாடி நாரினாற் செய்யப்பட்டு, மின்னைக் கடத்தாத காவலியாக அமையும்.

நிறையின் திருப்பத்தை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். 5 தொன் நிறையுள்ள லொறியின் புவியீர்ப்பு மையம், அது கவிழக்கூடிய விளிம்பிலிருந்து 1 மீற்றர் உள்ளே இருப்பதாகக் கொள்க. அதனை நிலைநிறுத்தும் திருப்பம் 5 தொன்-மீற்றர். விளிம்பிற்கு வெளியே 8 மீற்றர் தொலைவில், ஆட்களும் கருவிகளுமாகக் கூடை 250 கிலோகிராம் நிறையுடையதாயின், அது தரும் திருப்பம் 2 தொன்-மீற்றர். கையின் நிறை 600 கிலோகிராமாகி, அதன் மையம் 4 மீற்றரில் இருப்பின் மேலும் 2.4 தொன்-மீற்றர். இரண்டும் சேர்ந்து 4.4. கூடையில் இன்னும் 100 கிலோகிராம் ஏறினால் அது 5.2 ஆகும், லொறி கவிழும். மெய்யான பொறிகளில் இதனினும் பெரிய இடைவெளி விடப்படுவதுண்டு. ஆயினும் ஓர் ஊன்றுகால் மணலிற் புதைந்தால் அவ்விடைவெளி நொடியில் அழியும்.

மயிற்பீலியேயாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதும், கொம்பின் நுனிவரை ஏறியவன் அதற்கப்பாலும் ஏற முயன்றால் உயிர்க்கு இறுதியாம் என்பதும் திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் அடுத்தடுத்து வரும் உவமைகள். உயர்த்திப் பொறியில் வண்டியும் கொம்பும் ஒன்றாய் இணைந்து நிற்கின்றன. வள்ளுவர் கூறிய அளவை ஏறுவோனே அறிதல் கூடும். கையை லொறியோடு இணைக்கும் புரியாணி தக்க உருக்கினாற் செய்யப்படாமையையோ, உருக்கி ஒட்டிய இணைப்பினுள் மயிரிழைபோல் வெடிப்பு ஓடுதலையோ, கூடையைத் தாங்கும் முளையின் வலிமைக் குறைவையோ ஏறுவோன் அறிதல் அரிது. 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவோன் ஏறத்தாழ 1.4 வினாடியில் நிலத்தை அடைவான். அப்போது அவன் வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர் அளவினதாகும். முறிந்தபின் எண்ணுதற்கு அவகாசம் இல்லை.

இதனாலேயே சில நாடுகள் மீளழைப்பைச் செய்தவரின் விருப்பத்திற்கு விடாது சட்டமாக்கின. ஐக்கிய அமெரிக்காவில் 1966 ஆம் ஆண்டுச் சட்டம், வாகனத்திற் குற்றங் கண்டால் உடைமையாளருக்கு அறிவித்தல் வேண்டும் என்றது. 1974 இல் வந்த திருத்தம், செலவு பெறாது அதனைச் சீர்செய்தலையும் கடனாக்கியது. குற்றம் உறுதியானபின் ஐந்து வேலை நாட்களுள் அரசுக்கு அறிக்கை செய்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. எத்தொடரிலக்கம் முதல் எத்தொடரிலக்கம் வரை குற்றமுள்ளது எனக் கணித்தல், உடைமையாளரைக் கண்டறிதல், பாவனையை நிறுத்துமாறு எழுதுதல், சீர்செய்தல், சீர்செய்ததைப் பதிதல் ஆகியவை அதன் படிகள்.

குற்றத்தை மறைத்தல் என்ன விளைக்கும் என்பதற்கு யப்பான் நாட்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. வாடிக்கையாளரின் முறைப்பாடுகளை மிற்சுபிசி நிறுவனம் பல்லாண்டுகளாக மறைத்து வந்தமை 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2002 சனவரியில் யோக்கொகாமா நகரில் அந்நிறுவனத்தின் பெரிய லொறியொன்றிலிருந்து கழன்றோடிய சக்கரம், பிள்ளைகளுடன் நடந்து சென்ற ஓர் இளந்தாயைக் கொன்றது. பராமரிப்புக் குறைவே காரணம் என நிறுவனம் அப்பொழுது கூறியது. சக்கரத்தைத் தாங்கும் குடத்தின் வலிமைக் குறைவே காரணம் என்பதை 2004 இலேதான் ஒப்புக்கொண்டு, ஓரிலட்சத்திற்கு மேற்பட்ட லொறிகளை மீளழைத்தது. செய்தவரின் குற்றம் பாவிப்போரின் குற்றமாக மாற்றி உரைக்கப்பட்டமையே இதிற் கருதத்தக்கது.

செய்தவர் நேர்மையுடையராயினும் மீளழைப்புப் பயனற்றுப் போதலும் உண்டு. மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் ஏ32 நெடுஞ்சாலையில் உள்ள இலுப்பைக்கடவையில் ஓர் உயர்த்தி லொறி மின்கம்பத்தருகே நிற்பதாகக் கொள்க. 2008 ஆம் ஆண்டுப் போரில் மக்கள் பெயர்ந்து, பின் மீண்டு குடியேறிய கரை அது. பாவித்த வாகனங்கள் பல யப்பானிலிருந்து இலங்கைக்கு வருதல் யாவரும் அறிந்ததே. இந்த லொறியும் அவ்வாறு வந்து, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறியதாயின், செய்தவர் எழுதிய கடிதம் முதல் உடைமையாளரின் முகவரியிலேயே நின்றுவிடும். லொறி வந்து சேரும். அதன் வரலாறு வந்து சேராது. மீளழைப்பின் சங்கிலி அறுவது இவ்விடத்திலேயே.

அக்கரையின் இயல்பும் குற்றத்தை வளர்க்கும். உப்புக்காற்று இரும்பைத் துருவேற்றி வெடிப்பை ஆழமாக்கும். காவலியின்மேற் படியும் உப்பு ஈரம்பட்டால் மின்னைக் கடத்தும். வினாடிக்கு 12.5 மீற்றருக்கு மேற்பட்ட காற்றில் ஏறலாகாது என வகுக்கப்பட்ட உயர்த்திகள் பல. தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கி வீசும் இப்பகுதியில் அவ்வெல்லையை மறத்தல் ஆகாது. 2020 ஆம் ஆண்டு மன்னார்த் தீவில் 30 காற்றாலைகள் கொண்ட மின்னிலையம் அமைந்ததற்கு இக்காற்றின் வலிமையே காரணம்.

ஆதலின் அறுந்த சங்கிலியை இணைக்கும் பொறுப்பு வாங்குவோரிடமும் வந்து சேர்கின்றது. லொறிக்கு ஓர் இலக்கமும், அதன்மேலுள்ள உயர்த்திக்கு வேறோர் இலக்கமும் உண்டு. இரண்டையும் பதிவேட்டில் எழுதுதல் முதற்கடன். அவ்விலக்கங்களைக் குறித்துச் செய்தவருக்கு எழுதி, மீளழைப்பு ஏதும் உண்டோ, அது நிறைவேறியதோ என வினாவுதல் இரண்டாவது. விற்கும்போது அப்பதிவேட்டையும் உடன் கொடுத்தல் மூன்றாவது. ஐயம் நீங்கும்வரை கூடையில் ஒருவரையும் ஏற்றாதிருத்தல் இவற்றினும் முதன்மையானது. இவற்றுட் பெருஞ்செலவு உடையது ஒன்றுமில்லை.

தளைநாரை இழுத்துப் பார்க்கும் பனையேறியின் கைக்கு ஈடாக இக்காலத்தில் அமைந்தது அப்பதிவேடே. அதனை எழுதுவோர் நிலத்தில் நிற்பவர். அதனாற் காக்கப்படுவோன் மேலே நிற்பவன். மேலே நிற்பவனுக்குத் தன் பொறியின் வரலாற்றைக் கேட்டறியும் உரிமை உண்டு. அவன் கேளாவிடினும் சொல்லுதல் கீழே நிற்பவரின் அறம்.