பாலை நிறுத்தினால் மட்டும் போதுமா?

பசும்பால் குடித்த சில நிமிடங்களில் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு, உதட்டில் வீக்கம், வாந்தி. ‘பால் அலர்ஜி’ என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் பால், தயிர், நெய் எல்லாம் நின்றுவிடும். அது சரிதான். ஆனால் அத்தை சொன்னார் என்று முட்டையும், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று கத்தரிக்காயும் மீனும் வேர்க்கடலையும் அடுத்தடுத்துக் காணாமல் போகும். கடைசியில் மிஞ்சுவது ரசம் சாதமும் பிஸ்கட்டும். அந்த பிஸ்கட்டில்தான் பால் பவுடர் இருக்கும்!

ரத்தப் பரிசோதனையிலோ தோல் பரிசோதனையிலோ பாசிட்டிவ் வந்த பொருள் எல்லாமே அலர்ஜி ஆகிவிடாது. சாப்பிட்டபோது என்ன ஆனது என்பதையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். சந்தேகம் தீரவில்லையென்றால், மருத்துவமனையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

ஒதுக்கி வைப்பதே பாதுகாப்பு என்று மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் நம்பியது. அலர்ஜி வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2000-இல் சொன்னது. 2008-இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. லண்டனில் கிடியன் லாக் குழுவினர் நடத்திய ‘லீப்’ ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அதில் சேர்ந்தவை 4 முதல் 11 மாதம் வரையிலான 640 குழந்தைகள். ஒரு பாதிக்கு வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. ஐந்து வயதில் பார்த்தால், சாப்பிட்டு வந்தவர்களிடம் கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவு. இது வருமுன் காக்கும் வழி. அலர்ஜி வந்துவிட்ட பிள்ளையிடம் வீட்டில் செய்து பார்க்கும் வேலையல்ல.

சரி, பாலுக்குப் பதில் என்ன கொடுப்பது? ஆட்டுப்பால் கொடேன் என்பார் பாட்டி. கூடாது. ஆட்டுப்பால், எருமைப்பால் புரதங்கள் பசும்பால் புரதத்தை ஒத்தவை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவையும் ஒத்துக்கொள்ளாது. தேங்காய்ப்பாலில் ருசி உண்டு, புரதமும் கால்சியமும் சொற்பம். கேழ்வரகு கைகொடுக்கும்: 100 கிராம் மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். முளைகட்டி அரைத்தால் அது உடம்பில் சேர்வதும் கூடும். ஆனால் சின்னப் பிள்ளை ஒரு வேளைக்குக் குடிக்கும் கூழில் எவ்வளவு மாவு இருந்துவிடும்? முருங்கைக்கீரை, முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலி, பருப்பு எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு சரியாகும். ஒரு வயதுக்குக் கீழே இதெல்லாம் பாலுக்கு ஈடாகாது. தாய்ப்பாலோ, டாக்டர் எழுதித்தரும் தனி பால்மாவோதான் வேண்டும்.

ஒரு விதத்தில் தமிழ்ச் சமையல் அதிர்ஷ்டம் செய்தது. இட்லி, தோசை, சாம்பாரில் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. கோதுமைகூட இல்லை என்று சொல்லலாம், பெருங்காயம் மட்டும் குறுக்கே நிற்கிறது. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஆகாத பிள்ளை உள்ள வீட்டில் அந்தக் குட்டி டப்பாவின் பின்பக்கத்தையும் படித்தாக வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடமே அந்த வேலையைக் கொடுக்கலாம்.

அலர்ஜிப் பிள்ளைக்குத் தனிச் சமையல் என்பதும் நல்ல வழக்கமல்ல. நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் விட்ட பொங்கலை வீடே சாப்பிட்டால், அவனும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவான்.

பால், முட்டை அலர்ஜி பல பிள்ளைகளுக்கு வளர வளர விலகிவிடும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது டாக்டரிடம், “இப்போது கொடுத்துப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். அந்தப் பரீட்சையை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.