மாட்டின் வயிற்றில் வேதியியல்

தெருவில் மாடுகள் சுவரொட்டியைக் கிழித்துத் தின்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது செரித்துவிடும். அதே மாடு எச்சில் சோற்றோடு விழுங்கிவிடும் பாலிதீன் பையோ செரிப்பதில்லை. வயிற்றிலேயே தங்கிச் சுருண்டு, சில வேளை உயிரையும் வாங்கிவிடுகிறது. இத்தனைக்கும் காகிதத்தின் செல்லுலோஸ், பாலிதீன் இரண்டுமே பலபடிகள்தாம். சிறு மூலக்கூறுகள் வரிசையாய் இணைந்த நீண்ட சங்கிலிகள். வேறுபாடு அவை இணைந்த முறையில் இருக்கிறது.

தோழியரே, நமது விளையாட்டுத் திடலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாணவியும் தன் இரு கைகளையும் கோத்துக்கொண்டு நிற்கிறாள். கைகளைப் பிரித்து இருபுறமும் உள்ளவர்களைப் பற்றினால் சங்கிலி உருவாகிவிடும். எதுவும் கீழே விழாது. எத்திலீனின் இரட்டைப் பிணைப்பில் ஒன்று இவ்வாறே பிரிந்து அடுத்த மூலக்கூறைப் பற்றுகிறது. இது சேர்க்கைப் பலபடி. 1933இல் இங்கிலாந்தில் கிப்சன், ஃபாசெட் என்னும் இருவர் உயர் அழுத்தத்தில் வேறொன்றைத் தேடியபோது, மெழுகு போன்ற இப்பாலிதீன் தற்செயலாகக் கிடைத்தது.

இன்னொரு வகையில், ஒவ்வொருத்தியின் கையிலும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது. அதைப் போட்டால்தான் அடுத்தவள் கையைப் பற்ற முடியும். நைலான் உருவாகையில் அமிலம் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியையும் அமீன் ஒரு ஹைட்ரஜனையும் விட்டுவிடுகின்றன. இரண்டும் சேர்ந்து நீராகின்றன. இது குறுக்கப் பலபடி.

கீழே விழும் இந்த நீர் இலேசுப்பட்டதன்று. அமெரிக்காவில் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் கரோதர்ஸ் குழுவினர் இவ்வகைச் சங்கிலிகளை வளர்த்தபோது, ஓர் அளவுக்கு மேல் அவை நீளவில்லை. வெளியேறிய நீர் அங்கேயே தங்கி இணைப்புகளை மீண்டும் அவிழ்த்துக்கொண்டிருந்தது! வெற்றிடத்தில் சூடாக்கி நீரை அகற்றினார்கள், சங்கிலி நீண்டது. 1930இல் ஹில் என்பவர் அந்த உருகலைத் தொட்டு இழுத்தபோது பட்டுப் போன்ற இழை வந்தது. நைலான் பிறந்தது 1935இல்.

நீர் போன வழியே திரும்பவும் வரலாம் அல்லவா? செல்லுலோஸும், நாம் உண்ணும் மாவுப் பொருளும் புரதமும் நீரை இழந்து இணைந்தவையே. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களின் நொதிகள், செல்லுலோஸின் இணைப்புகளில் நீரை மீண்டும் புகுத்திச் சங்கிலியைத் துண்டாக்குகின்றன. நைலான் கயிறும் அப்படியே செரிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கேற்ற நொதி மாட்டின் வயிற்றில் இல்லை. பாலிதீனிலோ நீர் வெளியேறிய இடமே இல்லை. நெடுகிலும் கார்பனைக் கார்பன் பற்றி நிற்கிறது. நீர் எங்கே நுழையும்?