உள்ளூர் லீக்கில் மிளிரும் விங்கர் இந்திய அணிக்குப் போதுமா? பெங்களூரு எழுப்பும் கேள்வி

பெங்களூரு: ஆஸ்திரேலியாவில் பிறந்து பெங்களூரு எஃப்சி அணிக்காக ஆடிவரும் விங்கர் ரியான் வில்லியம்ஸ், 2025 நவம்பரில் இந்தியக் குடியுரிமை பெற்று தேசிய அணியின் பயிற்சி முகாமில் இணைந்தார். அவரது இந்தியக் கடவுச்சீட்டை பெங்களூருவில் அவரிடம் வழங்கியவர், சக வீரரும் இந்திய அணியின் முன்னாள் கேப்டனுமான சுனில் சேத்ரி. இதையடுத்து, இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) சிறப்பாக ஆடும் ஒரு விங்கர் சர்வதேசக் கால்பந்துக்கும் போதுமானவரா என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்துள்ளது.

மைதானத்தின் இடது அல்லது வலது ஓரத்தில் இருந்து தாக்குதலைத் தொடுக்கும் வீரரே விங்கர். வேகமாக முன்னேறுவது, எதிரணியின் தற்காப்பு வீரரை ஏமாற்றிக் கடப்பது, கோல் பகுதிக்குள் பந்தை அனுப்புவது ஆகியவை அவரது முதன்மைப் பணிகள். இந்தியாவில் இத்தகைய வீரர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பஞ்சம் வேறிடத்தில் இருக்கிறது.

உதாந்தா சிங் காட்டிய பாதை

பெங்களூரு ரசிகர்கள் இக்கேள்வியை ஏற்கெனவே ஒருமுறை சந்தித்துள்ளனர். மணிப்பூரில் பிறந்து, டாடா கால்பந்து அகாதெமியில் பயின்ற உதாந்தா சிங் 2014-ஆம் ஆண்டு பெங்களூரு எஃப்சி அணியில் சேர்ந்தார். 2015-16 ஐ-லீக் பட்டம், 2016 ஏஎஃப்சி கோப்பை இறுதி ஆட்டம், 2018-19 ஐஎஸ்எல் பட்டம் என அந்த அணி உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அதன் வலது ஓரம் அவருடையதாக இருந்தது. உள்நாட்டில் அவரது வேகத்துக்கு ஈடுகொடுத்த தற்காப்பு வீரர்கள் மிகச் சிலரே.

2016-இல் தேசிய அணிக்கு வந்த அவர், 2019 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் ஆடினார். தாய்லாந்தை இந்தியா 4-1 என வென்ற ஆட்டத்தில் அனிருத் தாபா அடித்த கோலுக்குப் பந்தைக் கொடுத்தவர் அவர்தான். அடுத்த ஆட்டத்தில் அமீரகத்துக்கு எதிராக அவர் அடித்த பந்து கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் பட்டுத் திரும்பியது. இந்தியா 0-2 எனத் தோற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் குவாஹாட்டியில் ஓமனுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்திலும் அவரது பந்து சட்டத்தில் மோதியது. முன்னிலை பெற்றிருந்த இந்தியா, கடைசி நிமிடங்களில் இரு கோல்களை விட்டுக்கொடுத்து 1-2 எனத் தோல்வியடைந்தது.

இவற்றைத் துரதிருஷ்டம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. உதாந்தாவால் ஆசியாவின் வலுவான அணிகளின் தற்காப்பைக் கடக்க முடிந்தது என்பதற்கும் இதே ஆட்டங்கள் சான்று. கடந்த பிறகு செய்ய வேண்டிய கடைசிச் செயலில்தான் இடைவெளி தெரிந்தது. 2023 ஜூன் மாதம் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் தெற்காசியக் கால்பந்து சாம்பியன்ஷிப்பில் பாகிஸ்தானை இந்தியா 4-0 என வென்றபோது சேத்ரி மூன்று கோல்களையும் உதாந்தா நான்காவது கோலையும் அடித்தனர். எதிரணியின் தரம் மாறும்போது கணக்கும் மாறுகிறது.

லீக் மறைப்பது என்ன?

ஐஎஸ்எல் விதிப்படி, 2021-22 பருவம் முதல் ஓர் அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரைக் களமிறக்கலாம். பெரும்பாலான அணிகள் அவர்களை நடு முன்களத்திலும், ஆட்டத்தை வடிவமைக்கும் நடுக்களத்திலும், மையத் தற்காப்பிலும் நிறுத்துகின்றன. எஞ்சும் இந்திய வீரர்களுக்கு ஓரங்கள் கிடைக்கின்றன. நாட்டில் விங்கர்கள் பெருகியதற்கும், சேத்ரிக்குப் பின் ஒரு முழுமையான ஸ்ட்ரைக்கர் உருவாகாததற்கும் இது முக்கியக் காரணங்களுள் ஒன்று.

விளைவாக, லீக்கில் ஓர் இந்திய விங்கருக்குத் துல்லியமான பந்தைக் கொடுப்பவர் வெளிநாட்டவர். அவர் அனுப்பும் பந்தை கோலாக்குபவரும் பெரும்பாலும் வெளிநாட்டவர். தேசிய அணியில் இருவருமே இல்லை. மேலும், பலம்வாய்ந்த அணிகளுக்கு எதிராக இந்தியா நீண்ட நேரம் தற்காப்பில் இருப்பதால் விங்கர் தன் பாதியிலேயே பந்தைப் பெறுகிறார். கோலை அடைய அவர் அறுபது, எழுபது மீட்டர் ஓட வேண்டும். எதிரே நிற்பவரும் அவருக்கு இணையான வேகம் கொண்டவர். 2024 ஜனவரியில் கத்தாரில் நடைபெற்ற ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று அணிகளிடமும் தோற்ற இந்தியா ஒரு கோல்கூட அடிக்கவில்லை. லாலியன்சுவாலா சாங்தே போன்ற, உள்நாட்டில் தலைசிறந்த விங்கர் அணியில் இருந்தும் இதுவே நிலை.

வில்லியம்ஸ் எவ்வகையில் மாறுபடுகிறார்?

பெர்த் நகரில் 1993-இல் பிறந்த வில்லியம்ஸின் தாய், மும்பையைச் சேர்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தவர். தாய்வழிப் பாட்டனார் 1950-களில் பம்பாய் அணிக்காக சந்தோஷ் கோப்பையில் ஆடியவர். போர்ட்ஸ்மவுத், ஃபுல்ஹாம், ராதர்ஹாம், ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் ஆகிய இங்கிலாந்து அணிகளில் இருந்த வில்லியம்ஸ், 2019-இல் தென்கொரியாவுக்கு எதிரான நட்புமுறை ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்காகக் களமிறங்கினார். 2023-இல் பெங்களூரு வந்தார். அதாவது, அவரது தரம் ஐஎஸ்எல்லில் மட்டும் சோதிக்கப்பட்டதன்று; உடல்வலுவும் வேகமும் மிகுந்த இங்கிலாந்து லீக்குகளில் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தவர்.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் ஆஸ்திரேலியக் குடியுரிமையை அவர் துறக்க வேண்டியிருந்தது. இதே வழியில் முன்னர் வந்தவர் ஜப்பானில் பிறந்த அராட்டா இசுமி. அவர் 2013-இல் இந்தியாவுக்காக ஆடினார். வங்கதேசத்துக்கு இச்சிக்கல் இல்லை. இங்கிலாந்தில் பிறந்த லெஸ்டர் சிட்டி வீரர் ஹம்சா சௌத்ரி, 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் இந்தியாவுக்கு எதிராகவே அந்நாட்டு அணியில் அறிமுகமானார்.

நவம்பர் 18 அன்று டாக்காவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தில், நாடு மாறுவதற்கான ஆவண நடைமுறைகள் உரிய நேரத்தில் நிறைவடையாததால் வில்லியம்ஸ் ஆட முடியவில்லை. இந்தியா 0-1 எனத் தோற்றது. 22 ஆண்டுகளுக்குப் பின் வங்கதேசம் இந்தியாவை வென்றது.

வில்லியம்ஸ் அணிக்குப் பயன்படுவார் என்பதில் ஐயம் குறைவு. ஆனால், அவரும் ஒரு விங்கர்தான். இந்தியாவிடம் ஏற்கெனவே உள்ளதையே சற்று உயர்ந்த தரத்தில் தருகிறார். தேவைப்பட்டால் நடு முன்களத்திலும் ஆடக்கூடியவர் என்பதே பயிற்சியாளர் காலித் ஜமீலுக்கு அவரால் கிடைக்கும் பெரிய நன்மையாக இருக்கலாம். 2025 நவம்பரில் அவருக்கு வயது 32. அக்டோபரில் சிங்கப்பூரிடம் அடைந்த தோல்வியோடு 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு இந்தியாவிடமிருந்து நழுவிவிட்டது. டாக்கா ஆட்டத்துக்குப் பின் தகுதிச்சுற்றில் எஞ்சியிருந்தது, 2026 மார்ச் 31 அன்று ஹாங்காங்குக்கு எதிரான ஆட்டம் மட்டுமே.