வாயடைக்கப்படும் மரபணுக்கள்

"எங்க தாத்தா குடிக்காத பீடியா? தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாரே!" டீக்கடையில் இந்த வாதத்துக்கு மறுமொழி சொல்வது கஷ்டம். ஒரே பழக்கம் உள்ள இருவரில் ஒருவருக்கு மட்டும் புற்றுநோய் வருவது உண்மைதானே.

கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் உள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தில் சுசாந்த ராய்சௌத்ரி குழுவினர் இந்தப் புதிரின் ஒரு முனையைப் பிடித்தார்கள். கிழக்கிந்தியாவில் புகையிலையால் வாயில் வெண்படலமோ புற்றோ வந்தவர்களிடம், செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் பி53 மரபணு பிறவியிலேயே எப்படி வேறுபடுகிறது என்று ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள்.

பிறவி ஒரு பக்கம். எந்த மரபணு பேசலாம், எது வாயடங்கி இருக்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளும் நொதிகளிலும் புகை கைவைக்கிறது.

டிஎன்எம்டி1 என்ற நொதி டிஎன்ஏ மீது மெத்தில் என்னும் சிறு வேதிக்கூறை ஒட்டும். மரபணுவின் தொடக்கப் பகுதியில் அது ஒட்டினால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். மிஞ்சும் டிஎன்எம்டி1-ஐச் செல் சிதைத்துவிடுவது வழக்கம். புகையிலையில் இருக்கும் என்என்கே என்ற நச்சு அந்தச் சிதைவைத் தடுப்பதைத் தைவான் ஆய்வாளர்கள் 2010-ல் காட்டினார்கள். நொதி குவிகிறது, புற்றைத் தடுக்க வேண்டிய மரபணுக்கள் மீதும் மெத்தில் ஏறுகிறது. அவற்றில் ஒன்றான பி16 மரபணு இப்படி அடங்கியிருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1998-லேயே புகைப்போரின் சளியில் கண்டிருந்தார்கள். அந்த மரபணுவில் டிஎன்ஏ எழுத்து ஒன்றுகூட மாறியிருக்க வேண்டியதில்லை, இருந்தும் பயனில்லை. ஜர்தா, கைனி போடுகிறவர்களும் 'நமக்கென்ன' என்று இருக்க முடியாது; என்என்கே அவற்றிலும் உண்டு.

எச்டிஏசி2 என்ற இன்னொரு நொதி, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்கி வைக்கும். புகை இதன் செயலைக் குறைக்கிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் ஸ்டீராய்டு இன்ஹேலர் சரிவர வேலை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, விட்டுவிட்டால்? சுமார் 16,000 பேரின் இரத்தத்தை வைத்து 2016-ல் வந்த ஆய்வில், புகையால் மாறிய மெத்தில் இடங்களில் பெரும்பாலானவை விட்ட ஐந்தாண்டுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. சில இடங்கள் 30 ஆண்டு கழித்தும் திரும்பவில்லை. ஏஎச்ஆர்ஆர் என்ற மரபணுவில் உள்ள ஓர் இடத்தைப் பார்த்தே ஒருவர் புகைப்பவரா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம், டாக்டரிடம் அவர் மறைத்திருந்தாலும்.