பாலர் வகுப்பு தொடங்கும்போது: நாலு மூலையும் நாற்பது நிமிடமும்



நாம் முன்பு பிள்ளை மடுவம் என்று சொன்ன இடத்துக்கு இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பெயர் மாறியது போல உள்ளே நடக்கும் வேலையும் மாற வேண்டும். அந்தக் காலத்தில் தாய்மார் கொழுந்து எடுத்துத் திரும்பும் வரை பிள்ளை அழாமல், விழாமல் இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். இப்போது அது போதாது. 3 வயது முதல் 5 வயது வரை பிள்ளையின் கையும் நாக்கும் அறிவும் வேகமாக வளரும் காலமாகும். ஜனவரி 31 ஆம் திகதிக்கு 5 வயது பூர்த்தியானால் பிள்ளை தரம் 1 க்குப் போய்விடும். அதற்கு முன் கிடைக்கும் இந்த இரண்டு வருடத்தை விட்டுவிட்டால் பின்பு தேடினாலும் வராது.

பாலர் வகுப்பு தொடங்கும் போதெல்லாம் எங்களிடம் ஒரு கேள்வி வரும். "என்னாங்க சேர், புள்ள ஒரு மாசமா போகுது, இன்னும் ஒரு எழுத்துகூட எழுதல. மண்ணுலயும் கட்டையிலயும் வெளாடிட்டு வருது. இதுக்கா அனுப்புறோம்?" என்று தாய்மார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாள் முழுவதும் மலையில் நின்று உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது? அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இதை எழுதுகிறோம்.

கை பழகாமல் பென்சில் பழகாது

பென்சிலைப் பிடித்து எழுத விரல்களுக்குப் பலம் வேண்டும். பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டும். கொழுந்து கிள்ளப் புதிதாக வந்தவருக்கு முதல் வாரம் கை ஓடுகிறதா? விரல் பழகப் பழகத்தானே வேகம் வருகிறது. பிள்ளைக்கும் அப்படித்தான். களிமண்ணைப் பிசைவது, கிளிப்பைத் திறந்து கொடியில் மாட்டுவது, பழைய பேப்பரைக் கிழித்து ஒட்டுவது எல்லாம் எழுதுவதற்கு முந்திய பாடங்கள். விரல் பலப்படாத 3 வயதுப் பிள்ளையைக் கொப்பியில் நூறு தடவை "அ" எழுதச் சொன்னால் கைதான் வலிக்கும், எழுத்து வராது. பள்ளிக்கூடம் என்றாலே பயமும் வந்துவிடும்.

இது நாம் கண்டுபிடித்த புதுமை அல்ல. ஜேர்மனியில் பிரெட்ரிக் புரோபல் என்பவர் 1837 இல் சிறு பிள்ளைகளுக்கென்று ஓர் இடம் தொடங்கி, மரக்கட்டைகளையும் பந்துகளையும் கையில் கொடுத்துப் படிப்பித்தார். அவர் வைத்த பெயர்தான் கிண்டர்கார்டன். பிள்ளைகளின் தோட்டம் என்று அர்த்தம். இத்தாலி நாட்டு வைத்தியரான மரியா மொண்டிசோரி அம்மையார் 1907 இல் ரோம் நகரத்தில் ஏழைத் தொழிலாளிகள் வாழ்ந்த பகுதியில் தமது முதல் நிலையத்தைத் திறந்தார். பகலில் பெற்றார் வேலைக்குப் போய்விட, கவனிப்பார் இல்லாமல் இருந்த பிள்ளைகளே அவருடைய முதல் மாணவர்கள். நம் லயத்துப் பிள்ளைகளின் நிலைக்கு இது எவ்வளவு கிட்டவாக இருக்கிறது பாருங்கள்.

நாலு மூலை போதும்

பெரிய கட்டிடமும் விலை கூடிய விளையாட்டுச் சாமானும் இருந்தால்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். ஓர் அறையின் நாலு மூலையை நாலு வேலைக்குப் பிரித்துக்கொண்டால் போதும். 20 பிள்ளைகள் என்றால் ஒரு மூலைக்கு 5 பேர்.

1. வீட்டு மூலை. பழைய சட்டி, அகப்பை, சிறிய கூடை, ஒரு துணிப் பொம்மை. இங்கே பிள்ளைகள் அம்மா, கங்காணி, கணக்கப்பிள்ளை என்று விளையாடுவார்கள். உடுப்புக் கொழுவியின் இரு பக்கமும் இரண்டு டின்னைக் கட்டித் தொங்கவிட்டால் தராசு தயார். எது பாரம், எது லேசு என்று பேசிப் பேசிப் பழகுவார்கள். நேர்ஸ் தொப்பி, தபால் பை, பஸ் டிக்கட் புத்தகம் போன்றவற்றையும் இந்த மூலையில் வையுங்கள். பிள்ளை கண்ட வேலையைத்தான் விளையாடும். வேறு வேலைகளும் உலகத்தில் இருக்கின்றன என்று இங்கேயே காணட்டும்.

2. கட்டும் மூலை. தோட்டத்துத் தச்சுப் பட்டறையில் வீணாகும் மரத்துண்டுகளைக் கேட்டு வாங்கி, அரத்தாள் போட்டுச் சிராய் இல்லாமல் தேய்த்தால் நல்ல கட்டைகள் கிடைக்கும். இரண்டு சின்னக் கட்டை சேர்ந்தால் ஒரு பெரிய கட்டை நீளம் வரும் என்று பிள்ளை தானே காணும். கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

3. மண்ணும் தண்ணீரும். ஒரு பேசினில் கழுவிக் காயவைத்த மணல், இன்னொன்றில் தண்ணீர், பெரிதும் சிறிதுமான கோப்பைகள். எத்தனை சிறிய கோப்பை ஊற்றினால் பெரியது நிறையும் என்று எண்ணட்டும். எழுத்தைப் பற்றிக் கவலைப்படும் பெற்றாருக்கு ஒரு நல்ல செய்தி: தட்டில் மணலைப் பரப்பி விரலால் "ட", "ப", "ம" எழுதலாம். பிழைத்தால் ஒரு தடவு தடவினால் அழிந்துவிடும். அடியும் இல்லை, அழுகையும் இல்லை. குளிரும் மழையுமான நாளில் தண்ணீரை விட்டு மணலை மட்டும் வைத்தால் போதும்.

4. படமும் கதையும். ஒரு பாய், பழைய பத்திரிகைப் படங்களை ஒட்டித் தைத்த புத்தகங்கள், வெள்ளைத்தாள், மெழுகுக் கலர். பக்கத்தில் ஒரு பலகையில் பைன் காய், இறகு, வழுவழுப்பான கல், பல வகை இலை. பிள்ளைகள் நிறம் பார்த்து, அளவு பார்த்துப் பிரிக்கட்டும். தளிர் இலை எது, முற்றின இலை எது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை.

முதல் நாளிலேயே நாலையும் திறக்க வேண்டாம்

முதல் நாளே எல்லாச் சாமானையும் வெளியே எடுத்தால் சண்டையும் சத்தமும்தான் மிஞ்சும். முதல் வாரம் வீட்டு மூலையும் படமூலையும் மட்டும் திறக்கலாம். இரண்டும் பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் தருபவை, அழுகை குறையும். இரண்டாம் வாரம் கட்டும் மூலையைச் சேர்க்கலாம். மண்ணும் தண்ணீரும் மூன்றாம் வாரம் வரட்டும். ஒவ்வொரு புது மூலையையும் திறக்கும்போது, சாமானை எப்படி எடுப்பது, எப்படித் திரும்ப வைப்பது என்று டீச்சர் முதலில் செய்து காட்ட வேண்டும்.

பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதே, எந்த மூலையில் இடம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு மூலையிலும் ஐந்து ஆணி அடித்து, பிள்ளைக்கு ஒரு படஅட்டை கொடுங்கள். ஒருவருக்குப் பூ, ஒருவருக்கு முயல். போகும் மூலையில் தன் அட்டையை மாட்ட வேண்டும். ஐந்தும் நிறைந்திருந்தால் வேறு மூலைக்குப் போக வேண்டும். ஆணி பிள்ளையின் நெஞ்சு உயரத்தில், முனை மழுங்கியதாக இருக்கட்டும். சாமான் வைக்கும் பலகையில் அதனதன் உருவத்தைக் கோடு போட்டு வைத்தால், அடுக்கி வைப்பதும் ஒரு விளையாட்டாகிவிடும்.

நேரம் 40 நிமிடம் போதும். பத்து நிமிடம் கூடி உட்கார்ந்து பேச்சு, இருபத்தைந்து நிமிடம் மூலையில் வேலை, ஐந்து நிமிடம் அடுக்கி வைத்தல். பிறகு கை கழுவிச் சாப்பாடு.

கவனம்! கவனம்!

• உரப்பை, மருந்து அடிக்கும் டின், போத்தல் எதையும் எவ்வளவு கழுவினாலும் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. மருந்து அடித்த மலையில் பறித்த இலையும் வேண்டாம்.
• டின்னின் வெட்டுவாயை உள்ளே மடித்துத் தட்டி, டேப் ஒட்ட வேண்டும்.
• தேயிலை விதை, பொத்தான், மாபிள், மணி போன்றவை 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கும் பக்கம் வரக்கூடாது. வாயில் போட்டால் மூச்சை அடைக்கும். பழைய பற்றரியும் அப்படியே. விழுங்கினால் உள்ளே புண்ணாக்கிவிடும்.
• தண்ணீர்ப் பேசினை வேலை முடிந்த உடனே ஊற்றிக் கவிழ்க்க வேண்டும். சிறு பிள்ளைக்கு ஒரு சாண் தண்ணீரும் ஆபத்து.

பெற்றார் செய்ய வேண்டியது

வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடுங்கள். ஆளுக்கொரு சாமான் கொண்டு வாருங்கள். ஒருவர் பழைய சேலை, ஒருவர் மூடியோடு கூடிய பிளாஸ்டிக் போத்தல், ஒருவர் சாக்கு. கைவேலை தெரிந்த தகப்பன்மார் ஒரு பகல் வந்தால் பலகையும் கட்டையும் முடிந்துவிடும். நம் கையால் செய்து கொடுத்த இடத்தை நாமே பாதுகாப்போம்.

முதல் சில நாள் பிள்ளை அழும். பிரட்டுக்கு நேரமாகிறது என்று ஒளிந்து ஓடாதீர்கள். "அம்மா மலைக்குப் போய்ட்டு மத்தியானம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். அம்மா திரும்பி வருவாள் என்று நம்பும் பிள்ளை சீக்கிரம் அடங்கும். அழுகிறதே என்று நிறுத்தி, பள்ளிக்கூடம் போகும் அக்காவை வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கச் சொல்ல வேண்டாம். அப்படிச் செய்தால் ஒரே நாளில் இரண்டு பிள்ளையின் படிப்பு கெடுகிறது.

வீட்டிலும் மூலை போடலாம், செலவில்லை. பருப்பில் கல் பொறுக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த உடுப்பில் அப்பாவுடையது எது, தம்பியுடையது எது என்று பிரிக்கச் சொல்லுங்கள். மாலையில் "என்னா எழுதுன?" என்று கேட்பதை விட்டு, "இன்னைக்கு என்னா செஞ்ச, யாரோட செஞ்ச?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை பேசப் பேசச் சொல் வளரும். சொல் வளர்ந்த பிள்ளைக்கு வாசிப்பு பாரமாக இராது.

தரம் 1 க்குப் போகும் நாளில் நம் பிள்ளை டீச்சர் கேட்பதற்குப் பயப்படாமல் பதில் சொல்ல வேண்டும், பென்சிலை ஒழுங்காகப் பிடிக்க வேண்டும், பக்கத்துப் பிள்ளையோடு ஒத்துப் போக வேண்டும். இவை மூன்றும் இந்த நாலு மூலையில் கிடைக்கும். உங்கள் நிலையத்தில் இன்னும் மூலைகள் போடாவிட்டால், வரும் வாரமே டீச்சரிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் பேசுங்கள். ஒரு மூலையோடு தொடங்கினாலும் தொடக்கம் தொடக்கம்தான்.