ஒரே மெட்டு, ஒரே சிரிப்பு

திரைப்பாடல் மெட்டில் கேலிப்பாட்டு எழுதுவோருக்கு ஒரு சங்கடம் உண்டு. தாம் எழுதிய அதே நகைச்சுவையை இன்னொருவரும் எழுதியிருப்பார். "திருடிவிட்டான்" என்ற பேச்சு எழும். கலைநிகழ்ச்சி ஒத்திகைகளில் இதனால் நட்பே முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால், பெரும்பாலும் அது திருட்டு அன்று.

காரணங்கள் இரண்டு. முதலாவது, மெட்டு. 2011 நவம்பரில் அனிருத் இசையில் தனுஷ் பாடிய 'ஒய் திஸ் கொலவெறி டி' வெளியானதும் உலகெங்கும் கேலி வடிவங்கள் பிறந்தன. 'கொலவெறி' நின்ற இடத்தில் நான்கெழுத்தில் ஒரு தொல்லையின் பெயரை வைக்கலாம் என்பதே யாருக்கும் முதலில் தோன்றும். அப்படிப் பொருந்தும் சொற்களோ சிலவே.

இரண்டாவது, வாழ்க்கை. ஒரே எம்ஆர்டி நெரிசலில் நிற்கிறோம். ஞாயிறு மாலை ஒரே சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் நகர்கிறோம். பொதுவான தொல்லை பொதுவான சிரிப்பைத்தானே தரும்? பதிப்புரிமைச் சட்டமும் எழுதிய வரிகளைத்தான் காக்கிறது. வெறும் எண்ணத்தை அன்று.

அப்படியானால் நமக்கென்று எது மிஞ்சும்? கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனைப் பாருங்கள். நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தை அவர் 'கிந்தனார்' ஆக்கினார். 'நல்லதம்பி' (1949) படத்திலும் அது இடம்பெற்றது. சிதம்பரம் போக ஏங்கியவர் நந்தனார். படிக்க ஏங்கியவன் கிந்தன். நந்தனாரைக் கேலி செய்ய எவராலும் முடியும். ஒடுக்கப்பட்டவனுக்குக் கல்வி வேண்டும் என்பதை அந்தச் சிரிப்புக்குள் வைத்தது கலைவாணரின் நெஞ்சம்.

ஆகவே நண்பர்களே, முதலில் தோன்றும் கேலி ஊருக்கே சொந்தம். அதற்காகச் சண்டை வேண்டாம். அதைத் தாண்டி, நமக்கு உண்மையிலேயே உறுத்துவதை எழுதுவோம்.